காம்போடு வெட்டிய பூக்கள்

1

வளர்மதி போன் செய்தபோது நான் பின்பக்கத் தோட்டத்தில் இருந்தேன். சனிக்கிழமை காலை. கையில் கத்தரி, காலருகே பாதி தண்ணீர் ஊற்றிய வாளி. வளர்மதி என் தம்பி சேகரின் மனைவி. மொரப்பூருக்குப் பக்கத்தில் நான் பிறந்த வீட்டில்தான் அவர்கள் இருக்கிறார்கள். என் அப்பாவை அவள் மாமா என்று கூப்பிடுவாள்.

"அண்ணி, மாமாவுக்கு வருசம் திரும்புதுங்க. அடுத்த மாசம் சாமி கும்புடறோம். வரீங்களா?"

"சேகர் கேக்கச் சொன்னானா?"

அங்கே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"நான்தான் கேக்கறேங்க."

வருகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, மிச்சமிருந்த பூக்களை வெட்டினேன். ஸ்வீட் பீ என்று ஒரு கொடி இருக்கிறது. நம் ஊர் அவரைப் பூவைப் பெரிதாக்கி, பல நிறம் கொடுத்த மாதிரி இருக்கும். நல்ல வாசனை. அதை இரண்டு நாளைக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் காய் பிடித்து, தன் வேலை முடிந்தது என்று பூப்பதை நிறுத்திவிடும். போன வருடம் அப்பா இறந்த செய்தி வந்த மறுநாளும் நான் அதை வெட்டினேன். வாளியில் வைத்தேன், வேலைக்குப் போனேன்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. கணவர் ரவி பஸ் ஓட்டுகிறார். நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். மகள் மதுவுக்குப் பதினாறு வயது. அவள் அறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். தட்டினால் "ஒன் மினிட்" என்று குரல் வரும். அந்த ஒரு நிமிடம் முடிந்து கதவு திறந்து நான் பார்த்ததில்லை.

2

எங்கள் ஊரில் பூவுக்குக் காம்பு கிடையாது. இது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்பா சாமந்தி போடுவார். விடியலில் நாங்கள் எல்லோரும் வயலில் இறங்கிக் கிள்ளுவோம். தலையை மட்டும் கிள்ள வேண்டும். காம்பு கொஞ்சம் கூட வந்தால், "எடையில கழிப்பாங்க, ஒழுங்கா கிள்ளு" என்று திட்டு விழும். கிள்ளிய பூ மூட்டையாகி தருமபுரி மார்க்கெட்டுக்கு பஸ் ஏறிவிடும். சாமி படத்துக்கு ஒரு கை, அம்மா உயிரோடு இருந்தவரை அவள் தலைக்கு ஒரு முழம், அவ்வளவுதான் வீட்டில் தங்கும். பூவைத் தண்ணீரில் நிற்க வைத்து வீட்டுக்குள் வைக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. எதற்கு வைக்க வேண்டும்?

இங்கே முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பாட்டியம்மாவின் ஜன்னலோரம் கண்ணாடிக் குடுவை ஒன்று காலியாகவே இருந்தது. ஏன் என்று கேட்டேன். முன்பெல்லாம் தோட்டத்துப் பூ வைப்பேன், இப்போது தோட்டம் இல்லை என்றார். உங்கள் ஊரில் பூவை எங்கே வைப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டார். "வீ கீப் இட் ஆன் தி ஹெட்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்தக் குடுவையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக் காட்டி, "இப்படியா?" என்றார். பக்கத்து அறை வரை சிரித்தார்கள். எனக்கு முகம் சூடானது. ஆனால் அந்த வாரமே ஒரு பாக்கெட் விதை வாங்கினேன்.

அப்படித் தொடங்கியதுதான். ஸ்வீட் பீ, காஸ்மாஸ், ஜினியா, டாலியா. பின்பக்கத்தில் நாலு பாத்தி. வெட்டுவதற்கென்றே வளர்ப்பதால், காம்பு எவ்வளவு நீளம் என்பதுதான் இங்கே கணக்கு. காலைக் குளிரில் வெட்ட வேண்டும். தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட வேண்டும். ஜினியாவை வெட்டுமுன் காம்பைப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். தலை தொங்கி ஆடினால் இன்னும் முற்றவில்லை, விட்டுவிட வேண்டும். விறைப்பாக நின்றால் வெட்டலாம். வெட்டியதை நிழலில் சில மணி நேரம் வாளியில் நிறுத்தி, பிறகு குடுவைக்கு மாற்றினால் ஒரு வாரம் நிற்கும்.

சனிக்கிழமைதோறும், குளிர்காலமானால் கடைப் பூவோடு, குடுவையைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போடுவேன். அப்பா சேகரின் போனிலிருந்து குரல் பதிவில் பதில் அனுப்புவார்.

"இவ்ளோ காம்பு எதுக்கு செல்வி? மாட்டுக்குப் போடவா?"

அப்புறம் மதுவைக் கேட்பார். மது பேசும் கொஞ்சம் தமிழும் அவரிடமிருந்து போன் வழியாகப் பிடித்ததுதான். அதனால் அவள் வீடு என்று சொல்லமாட்டாள். வூடு என்பாள். இங்கே இருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்கள் அதைக் கேட்டுச் சிரிக்கும்.

3

போன வருடம் பொங்கல் கழிந்து அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. தருமபுரி ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சு குழறியது. முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். நான் ஆகஸ்ட்டில் விடுப்புப் போட்டேன். பாஸ்போர்ட் முடியும் தறுவாயில் இருந்ததால், அதற்குள் வந்துவிடும் என்று மே மாதமே புதுப்பிக்க அனுப்பினேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. என் கையெழுத்து கட்டத்தின் கோட்டைத் தொட்டிருந்தது. தப்பு என்னுடையதுதான், எச்சரிக்கை கொட்டை எழுத்தில் இருந்தது. திரும்ப எழுதும்போது, அப்பா பெயர் ஒரு சான்றிதழில் ஒரு எழுத்து கூடவும் இன்னொன்றில் குறையவும் இருப்பதைக் கண்டுபிடித்தேன். கோவிந்தன் என்ற பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுத முடியும் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. அதற்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம், அதற்கு ஒரு சாட்சிக் கையெழுத்து.

ஜூலையில் ஒரு நாள் வளர்மதி பேசினாள். "மாமா சோறு எறக்கறதே இல்லைங்க. கஞ்சித் தண்ணிதான். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிருங்க அண்ணி."

இதற்குப் பிறகு நடந்ததை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

விண்ணப்பம் அனுப்பிய இடத்துக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். அவசரத்துக்கு ஒரு பயணச் சான்று வாங்கலாம், ஓரிரு நாளில் கிடைக்கும். ஆனால் அது இந்தியாவுக்குப் போக மட்டும்தான். திரும்பி வர, அங்கே போய்ப் புது பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். எத்தனை நாளாகும்? சொல்ல முடியாது என்றாள். நானும் ரவியும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பேசினோம். மாதக் கணக்கில் அங்கே மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும், மதுவை யார் பார்ப்பது, இப்படி. பாஸ்போர்ட்டே அடுத்த வாரம் வந்துவிடும் என்று நான் சொன்னேன். பொறுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தது நான்தான். ரவி என்னைத் தடுக்கவில்லை.

ஊருக்குப் போன் செய்து, "பாஸ்போர்ட் இல்லாம வர வழியே இல்ல" என்று சொன்னேன்.

இன்னொரு தாள் வேண்டும் என்று கேட்டதால், அந்தச் சனிக்கிழமை முழுக்க மறுபடியும் படிவங்களோடு போனது. திங்கட்கிழமை அப்பா போய்விட்டார். அன்றைக்கே எடுத்தார்கள். யாரோ ஒரு பையன் எனக்காக வீடியோ காலில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் பார்த்தது பெரும்பாலும் கால்களைத்தான். வேட்டிக் கரைகள், செருப்புகள், நடுவில் ஒருமுறை மாலை, ஒருமுறை அப்பாவின் மூக்கு. பிறகு படம் உறைந்து நின்றது. நான் உறைந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மது வந்து தோளில் கை வைத்து, "அம்மா, கால் கட் ஆயிடுச்சு" என்றாள்.

அழுகை வரவில்லை. வரும் வரும் என்று ரவி ஒரு வாரம் பக்கத்திலேயே இருந்தார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருவர் கன்னம் மாதிரி இருக்குமே, அது மாதிரி இருந்தது. கருமாதிக்கு மறுநாள் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. பிரிக்காமல் டிராயரில் போட்டேன்.

சேகர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

4

மதுவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ரவிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. சென்னையில் இறங்கி, ரயில் பிடித்து மொரப்பூர் வந்தோம். ஸ்டேஷனுக்கு வளர்மதி ஆட்டோவோடு வந்திருந்தாள். மதுவின் கன்னத்தைத் தொட்டு, "ஏ அம்மா, எம்மாம் ஒசரம்!" என்றாள். மது என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருந்தது, பதில்தான் தெரியவில்லை.

வீட்டு வாசலில் சேகர் ஒரு டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தான். "வாங்க" என்றான். என்னை வா என்றுதான் அவன் சொல்வான். பன்மையில் சொன்னால் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் படையல். சொந்தக்காரர்கள் வந்தார்கள். இலை போட்டுச் சாப்பிட்டு முடித்த பிறகு, பெண்கள் மதுவைச் சுற்றி உட்கார்ந்து பேச வைத்தார்கள். எதைக் கேட்டாலும் அவள் கஷ்டப்பட்டுத் தமிழிலேயே பதில் சொன்னாள். தாத்தா ஞாபகம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார்.

"இருக்குது. தாத்தா செத்த அன்னிக்கு நான் ஸ்கூல்ல இருந்தேன். அம்மா கூப்பிட்டு, வூட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுது."

ஒரு பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: "அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு. தவறிட்டாங்கன்னு சொல்லணும்."

மதுவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. இலைகளை எடுத்துக்கொண்டிருந்த சேகர் நிமிர்ந்தான்.

"செத்துட்டாருன்னுதான சொல்லுச்சு. செத்துட்டாருதான். சரியாத்தான் சொல்லுது, உடுங்க."

இலைகளோடு வெளியே போய்விட்டான். அவன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

5

அன்று சாயங்காலம்தான் அப்பாவின் படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். காலையில் மாலைகள் மறைத்திருந்தன. படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல். அதன்மேல் லேபிள் உரித்த ஊறுகாய் பாட்டில். பாட்டிலில் தண்ணீர், தண்ணீரில் ஐந்து ஜினியாப் பூக்கள். சிவப்பு மூன்று, ஆரஞ்சு இரண்டு. இலைகளைச் சுத்தமாக உருவிவிட்டு, காம்பைச் சாய்வாக வெட்டியிருந்தார்கள்.

நம் ஊரில் செத்தவர் படத்துக்குப் பூ போடுவார்கள். இப்படி வைக்க மாட்டார்கள்.

"இது யார் வெச்சது?"

"நான்தாங்க" என்றாள் வளர்மதி. "வாங்க, காட்டறேன்."

கூட்டிக்கொண்டு போனாள். குளியலறைத் தண்ணீர் போகும் வழியில், சுவரோரம், பாய் அகலத்துக்கு ஒரு பாத்தி. முழங்காலுக்கு மேல் ஜினியா நின்றது. மது குனிந்து ஒரு காம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். என் வேலையை ஒருநாளும் அவள் கவனித்ததாக எனக்குத் தெரியாது.

"போன வருசம் பழைய படத்துல இருந்த அந்தச் சேப்புப் பூ பேரு என்னன்னு உங்கள்ட்ட கேட்டேனே, ஞாபகம் இருக்குங்களா? நீங்க ஜினியான்னு எழுதி உட்டீங்க. தருமபுரில வெதக் கடைல கேட்டேன், வெச்சிருந்தாங்க."

"உனக்கு எதுக்கு?"

"எனக்கு இல்லைங்க அண்ணி. மாமாவுக்கு."

அவள் பாத்தியோரம் உட்கார்ந்து காய்ந்த தலைகளைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கட்டிலில் விழுந்த பிறகு அப்பாவுக்கு வயல் தெரியவில்லை. தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தாலும் வாசல் வரைதான் கண் எட்டும். சனிக்கிழமை நான் அனுப்பும் படத்தை வளர்மதி அவர் கண்ணுக்கு நேரே பிடிப்பாள். ரொம்ப நேரம் பார்ப்பார். ஒரு நாள் இடது கையால் படத்தைத் தொட்டு, பக்கத்து ஸ்டூலைத் தொட்டார். மறுபடியும் படம், மறுபடியும் ஸ்டூல். அவளுக்கு விளங்கவில்லை. ஸ்டூலில் போனை வைத்தாள். இல்லை என்று தலையை ஆட்டினார். அப்புறம்தான் புரிந்தது.

"மொதல்ல டம்ளர்ல கோழிக்கொண்டப் பூவ வெச்சேன். சாஞ்சு உழுந்துருச்சு. மாமா சிரிச்சாரு. ஒரு பக்கந்தான் சிரிப்பு வரும், உங்களுக்குத் தெரியாதில்ல. அப்பறம் பாட்டில் மாத்தினேன். காம்பு நீட்டமா வேணும்னு கையால அளவு காட்டுவாரு. நான் பழக்கத்துல கட்டையா கிள்ளிட்டு வந்துட்டா கோவம் வந்துரும். நீங்க செவப்பு அனுப்பிச்சா செவப்பு, மஞ்ச அனுப்பிச்சா மஞ்ச. அதே மாதிரி வெக்கணும்."

ஆயுசு முழுக்கப் பூவை மூட்டையில் அள்ளிக் கொடுத்த மனிதர் அவர். காம்பைக் கழிவு என்று சொன்னவர்.

"நீ ஏன் எனக்குச் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு மாமா கை ஆட்டிட்டாரு. நீங்க வந்து பாக்கட்டும்னு இருந்தாரு போல. ஆகஸ்ட்ல வரீங்கன்னு தெரியும்ல."

மது எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. நகராமல் நின்றாள்.

"கடைசி வாரம்?" என்று கேட்டேன். அந்தச் சனிக்கிழமை நான் படம் அனுப்பவில்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வளர்மதி கிள்ளிய தலைகளை ஒன்றாகக் குவித்தாள்.

"காலைல இருந்து போனைக் கேட்டாருங்க. நானும் பாத்துப் பாத்து, பொழுது சாயறப்ப பழைய படம் ஒன்ன எடுத்துக் காட்டினேன். இன்னிக்கு வந்ததுன்னு பொய் சொன்னேன். உத்துப் பாத்துட்டு, 'பழசு'ன்னாரு. அந்த ஒரு வார்த்த நல்லாத் தெளிவா வந்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன். அப்பறம் அவரே ஸ்டூலைத் தட்டுனாரு, பூவ வெய்யுன்னு. வெச்சேன். அது வாடறதுக்குள்ள அவரு போயிட்டாரு."

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள். "நல்லாப் பாத்துக்கிட்ட, வளரு" என்றேன். சொன்னது என் குரல் மட்டும்தான். அவள் அழுதாள். மது அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், "அத்த, அத்த" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் யாரோ தண்ணீர் ஊற்ற, அது வாய்க்கால் வழியாக வந்து பாத்தியில் இறங்கியது.

6

இங்கிலாந்துக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு வயலுக்குப் போனேன். சாமந்தி நாற்று நடுவதற்காகச் சேகர் சொட்டுநீர்க் குழாய் இழுத்துக்கொண்டிருந்தான். ஆள் வரவில்லை போல. தனியாக ஒரு முனையைக் கல்லால் அழுத்திவிட்டு, மறுமுனைக்கு நடந்து, இழுத்து, திரும்பி வந்துகொண்டிருந்தான்.

வரப்பில் நின்றேன். அவன் பார்த்தான், வேலையை நிறுத்தவில்லை.

"சேகரு."

"ம்."

"போன வருசம் நான் வந்திருக்கலாம்டா. பாஸ்போர்ட் இல்லாமயே வர ஒரு வழி இருந்துச்சு. வந்தா திரும்பிப் போறது இழுத்துரும்னு வரல. வழியே இல்லைன்னு உங்களுக்குப் பொய் சொன்னேன். வந்திருந்தா அப்பாவ உசுரோட பாத்திருப்பேன்."

ஒரே மூச்சில் சொன்னேன். விமானத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன், அதனால் தடுமாறவில்லை.

அவன் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டான்.

"தெரியும்."

"எப்படி?"

"ரவி மாமா சொன்னாரு. அப்பாவ எடுத்த அன்னிக்குப் பேசினாரு. 'அக்காவத் திட்டாத, இந்த மாதிரி இந்த மாதிரி, அதுக்கும் மனசு சரியில்ல'ன்னாரு."

ரவி என்னிடம் இதைச் சொன்னதே இல்லை. ஒரு வருடமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

"அப்பறம் ஏன்டா ஒரு வார்த்த கேக்கல?"

"நான் ஏன் கேக்கணும்? நீயா சொல்லுவன்னு பாத்தேன்." அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "வரலைங்கறதுக்குக் கோவம் இல்லக்கா. அங்க உன் பொழப்பு உனக்கு. அத என்கிட்ட மறைச்ச பாரு, அதுக்குத்தான். வேத்து ஆளுகிட்டப் பேசற மாதிரி பேசுன. ஒரு வருசம் ஒவ்வொரு சனிக்கெழமையும் போனப் பாத்தேன். பூ போட்டோதான் வரும்."

ஆமாம். அப்பா போன பிறகும் நான் படங்களை நிறுத்தவில்லை. யாருக்கு அனுப்பினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"இப்ப சொல்லிட்டேன்" என்றேன்.

"ம். சொல்லிட்ட."

"கோவம் போயிருச்சா?"

"இல்ல" என்றான். பொய் சொல்லவில்லை, மழுப்பவில்லை. "போகும், மெதுவா. நீ எதுக்கு வெய்யில்ல நிக்கற? இந்தத் துண்டத் தலைல போட்டுக்க. போட்டுட்டு அந்த முனையப் புடி. நான் அங்க போய் இழுக்கறேன்."

துண்டில் அவன் வேர்வை வாடை இருந்தது. தலையில் போட்டுக்கொண்டேன். மண்ணில் மண்டியிட்டு, கருப்புக் குழாயின் முனையை இரண்டு கையாலும் பிடித்தேன். மறுகோடிக்கு நடந்துபோய் அவன் இழுத்தான். வெயிலில் குழாய் காய்ந்து கையைச் சுட்டது. விடவில்லை.

"இறுக்கிப் புடிக்கா!" என்று அங்கிருந்து கத்தினான்.

"புடிச்சிருக்கன்டா!"

மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்பது வரிசை இழுத்து முடித்தோம்.